தயார் நிலையில் ஒரு குடும்பம் – அத்தியாயம் 11: ஒரு பாக்கெட், ஒரு டம்ளர்

போன வாரம் நாம் விடைபெற்றபோது அவர் மேடையில் இருந்தார். அவர் பெரும்பாலும் மேடையில்தான் இருப்பார் என்பது தொடர்ந்து படித்து வருபவர்களுக்குத் தெரியும். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை.

டயர் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளத் தாளைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. எல்லோருக்கும் அவர் ‘முன்ஜாக்கிரதை’. கேலிக்கு வைத்த பெயர். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்தில் ‘குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் குடும்பத்தின் தயார்நிலையும்’ என்று முழங்கினார். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றைக் கத்தரியால் வெட்டி, கண்ணாடி டம்ளரில் கொட்டி, ஸ்பூனால் கலக்கி, சிரித்த முகத்தோடு ஒரே மடக்கில் தானே குடித்துக் காட்டினார். “ஒரு பாக்கெட், ஒரு டம்ளர். இவ்வளவுதான் விஷயம்” என்று முடித்தார். கைதட்டல் அடங்கியபோது, கடைசி வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு தாய், “எந்த டம்ளர் சார்?” என்று கேட்டாள்.

“உங்க வீட்டு டம்ளர்தாம்மா. பக்கத்து வீட்டுல இரவல் வாங்க வேண்டாம்.”

கூட்டம் சிரித்தது. சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று அவளும் சிரித்து வைத்தாள். மனைவியின் தம்பியான மச்சான் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். கேடயம் ஒன்று கொடுத்தார்கள். மறுநாள் விடிந்ததும், கூடத்தில் வைத்திருந்த அந்தக் கேடயத்தின் மேல் மகள் வாந்தி எடுத்தாள். இந்த வாரக் கதை அங்கே தொடங்குகிறது.

*

மகளுக்கு நான்கு வயது. எதைச் செய்தாலும் ஏதோ ஒன்றை முனகிக்கொண்டே செய்வாள். சாப்பிடும்போதும் முனகல், செருப்பு மாட்டும்போதும் முனகல். அதனால் ‘வண்டு’.

முன்ஜாக்கிரதை கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார்.

“விசிலை வைங்க முதல்ல. பாதித் தூக்கத்துல இருக்கா, பயப்படறா” என்றாள் மனைவி.

மாதா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் வாந்தி ஒத்திகை நடக்கும். வண்டு வாந்தி வருவதுபோல் நடிக்க வேண்டும். மனைவி வாளியோடு ஓட வேண்டும். மச்சான் வண்டி பிடிப்பதற்காகத் தெருமுனைவரை ஓடித் திரும்ப வேண்டும். வீட்டுத் தலைவர் நிறுத்துக் கடிகாரத்தோடு நடுக்கூடத்தில் நிற்பார். எல்லோரும் ஓடினால் யார்தான் நிற்பது?

வண்டுக்கு அது பிடித்த விளையாட்டு. அவளுடைய துணிக் கரடிக்கும் சேர்த்து வாந்தி வரும். ஆனால் ஒத்திகையில் அவள் எப்போதும் வாளியில்தான் எடுப்பாள். நிஜ வாந்திக்கு அந்தப் பயிற்சி போதவில்லை. கேடயம், விரிப்பு, அப்பாவின் இஸ்திரி போட்ட சட்டை என்று அது தன் போக்கில் போயிற்று. பின்னாலேயே வயிற்றுப்போக்கும் வந்தது.

“பதற்றமே கூடாது” என்றார் அவர், வேறு சட்டை மாட்டிக்கொண்டே. “அலமாரியில பெட்டி நிறைய பாக்கெட் இருக்கு. ஒரு பாக்கெட், ஒரு டம்ளர். குடுத்துட்டே இரு. வாந்தி எடுத்தாலும் குடு.”

“நீங்க எங்க கிளம்பறீங்க?”

“மேலிடத்திலேருந்து ஆய்வுக்கு வராங்க. நான் இல்லாட்டி தீயணைப்புக் கருவி எங்க இருக்குன்னுகூட அங்க யாருக்கும் தெரியாது.”

“ஒரு நாள் நீங்க போகலைன்னா அங்க தீப்பிடிச்சிடுமா?”

“பிடிக்காது. பிடிக்காம இருக்கத்தானே நான் போறேன்.”

அவள் கைப்பேசியை எடுத்து, தான் வேலை செய்யும் பேருந்து நிலையத்துக்கு விடுப்புச் சொன்னாள். அங்கே அவள் அறிவிப்பாளர். “தாமதத்துக்கு வருந்துகிறோம்” என்று பகல் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. யாரோ ஓட்டுகிற பேருந்துக்கு யாரிடமோ அவள் மன்னிப்புக் கேட்பாள். வீட்டுக்கு வந்தால், எதற்குமே வருந்தாத ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார்.

*

பாக்கெட்டின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஏதோ அச்சடித்திருந்தது. அவள் வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கத் தொடங்கினாள். வண்டு மறுபடி வாந்தி எடுத்தாள். படிப்பு அதோடு நின்றது. வீடியோ இருக்கும்போது எழுத்துக்கூட்டுவானேன்?

டம்ளரில் கொட்டினாள். கலக்கினாள். ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள்.

வண்டு முகத்தைச் சுளித்தாள். “இது வேணாம். தண்ணி.”

“இதுதான்டி தண்ணி. மருந்துத் தண்ணி.”

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். தொண்டைவரை கரித்தது. கணவரை அழைத்தாள், எடுக்கவில்லை. தம்பியை அழைத்தாள்.

“டேய், இது ஒரே உப்பா இருக்குடா. எனக்கே குடிக்க முடியல.”

“மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்க்கா. அத்தான் எவ்வளவு சிரிச்ச முகமா குடிக்கிறார்னு பாரு. திரும்ப அனுப்பறேன், பாத்துட்டு அப்படியே பண்ணு.”

அனுப்பினான். பார்த்தாள். அத்தான் சிரித்த முகமாகத்தான் குடித்தார். குடித்து முடித்து, மேடைக்குப் பின்னால் போய், குழாயில் வாயை வைத்து அவர் எவ்வளவு நேரம் தண்ணீர் குடித்தார் என்பது அதில் இல்லை. தம்பி கூட்டம் சிரித்ததோடு நிறுத்தியிருந்தான்.

மேலும் ஒரு பாக்கெட். மேலும் ஒரு டம்ளர். வண்டு முதலில் அழுதாள். “தண்ணி, தண்ணி” என்று அழுதாள். அவள் அழ அழ, அம்மா டம்ளரை நீட்டினாள். மதியத்துக்குமேல் அழுகை குறைந்தது. சரி, தேறிவருகிறாள் என்று அம்மா நினைத்தாள். பிறகுதான் காதில் உறைத்தது: முனகலையே காணோம். உடம்பு நெருப்பாகச் சுட்டது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, யாரையோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மூடினாள். கை லேசாக உதறியது.

அழைத்ததும் வந்து சேர்ந்த தம்பி வண்டி பிடிக்க ஓடினான். இந்தத் தடவை தெருமுனையிலிருந்து திரும்பி வந்தது வண்டியோடு. கடிகாரம் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

*

முன்ஜாக்கிரதை மருத்துவமனைக்கு வந்தபோது, ஒரு கையில் தலைக்கவசமும் மறு கையில் பையும் இருந்தன. செய்தி கேட்டதும் அவர் நேரே வரவில்லை. வீட்டுக்குப் போய் ‘ஆஸ்பத்திரிப் பை’யை எடுத்துக்கொண்டுதான் வந்தார். ‘முதலில் பை, பிறகு பதற்றம்’ என்பது அவர் பேச்சில் வழக்கமாகக் கைதட்டல் விழும் இடம்.

குழந்தைகள் வார்டில் வண்டு ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். கையில் ஊசி குத்தி ஒட்டியிருந்தார்கள். உடுத்திவந்ததெல்லாம் நனைந்து போயிருந்தது.

“மாத்துத் துணி இருந்தா குடுங்க” என்றாள் நர்ஸ்.

அவர் பையை ஜம்பமாகத் திறந்தார். டார்ச் விளக்கு, கயிறு, இன்னொரு விசில் எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. கயிறு எதற்கு என்று நர்ஸ் கேட்கவில்லை. அடியில் மடிப்புக் கலையாமல் ஒரு சட்டையும் கால்சட்டையும் இருந்தன. எடுத்துக் கொடுத்தார்.

நர்ஸ் விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை அளவுக் கால்சட்டை.

“இது இவளுக்கா, இவ பொம்மைக்கா சார்?”

“அது அவ ஒரு வயசுல போட்டது” என்றாள் மனைவி, யாரையும் பார்க்காமல்.

ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் அந்தத் துணியை உயர்த்திக் காட்டுவார். பிறகு பழையபடி மடித்து உள்ளே வைப்பார். பை வளரவில்லை. வண்டு வளர்ந்துவிட்டாள்.

மனைவி தன் துப்பட்டாவை எடுத்து மகளைச் சுற்றினாள்.

டாக்டரம்மா வந்தார். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். கழுத்தை மெல்ல வளைத்துப் பார்த்தார். உதறிய கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார்:

“வீட்டுல என்ன குடுத்தீங்க?”

“ஓ.ஆர்.எஸ். டாக்டர். காலையிலேருந்து விடாம குடுத்துட்டே இருக்கேன்.”

“எப்படிக் கலக்கினீங்க?”

மனைவி வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து முன்ஜாக்கிரதையின் பார்வை நர்ஸின் தள்ளுவண்டிமேல் விழுந்தது. அதில் ஒரு பெரிய ஜாடி. ஒரு லிட்டர் என்று கோடு போட்ட ஜாடி. அதன் வாயோரம், வெட்டிய காலிப் பாக்கெட் ஒன்று. அவருடைய அலமாரியில் இருக்கும் அதே பாக்கெட்.

தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்ததுபோல் இருந்தது.

“பாக்கெட்ல போட்டிருக்கிற மாதிரியேதான் டாக்டர்” என்று முந்திக்கொண்டார். “அதுல எல்லாம் எங்களுக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.”

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நிம்மதி இருந்தது. தான்தான் ஏதோ தப்பாகக் கலக்கிவிட்டோமோ என்று காலையிலிருந்து நெஞ்சில் சுமந்ததை, அவர் ஒரே வாக்கியத்தில் இறக்கி வைத்துவிட்டார். அவரால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலைக்கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்போ வேற காரணம் தேடணும்” என்றார் டாக்டரம்மா. “காய்ச்சல் இருக்கு, உதறல் இருக்கு, மயக்கமும் இருக்கு. மூளைக் காய்ச்சலா இருந்துடக் கூடாது. ரத்தம் வெளியில அனுப்பியிருக்கோம், முடிவு வர நேரமாகும். அதுவரைக்கும் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. முதுகுல ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்துப் பாத்துடறேன். தயார் பண்ணச் சொல்றேன்.”

“வலிக்குமா டாக்டர்?” என்றாள் மனைவி.

“அசையாம பிடிச்சுக்கணும். அம்மா நீங்க வேண்டாம், அப்பா பிடிச்சுக்கட்டும். அவருக்கு அனுபவம் இருக்குன்னு சொன்னாரே.”

*

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி அவர் வெளியே வந்தார்.

ஆரம்பத்தில் ஜாடிதான் இருந்தது. முதன்முதலில் இந்தச் செய்முறையைத் தொழிற்சாலையில் காட்டியபோது ஒரு லிட்டர் ஜாடியில்தான் கலக்கினார். படங்களைப் பார்த்துவிட்டு மச்சான்தான் சொன்னான்: “ஜாடி உங்க முகத்தை மறைக்குது அத்தான்.” அதுவும் போக, ஒரு லிட்டரை மேடையில் நின்று யார் குடித்துத் தீர்ப்பது? டம்ளர் என்றால் கைக்கு அடக்கம், கண்ணுக்கு அழகு, ஒரே மடக்கில் கைதட்டல். மேடைக்கு மட்டும்தானே என்று மாற்றினார். சொல்லிச் சொல்லி, ஜாடி அவர் வாயிலிருந்து விழுந்துவிட்டது. பிறகு ஞாபகத்திலிருந்தும் விழுந்தது. முகம் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

வராந்தா பெஞ்சில், புறநோயாளிகள் வரிசையில் ஒருவர் ஏழெட்டு வயதுப் பையனை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொட்டி நிறுவனத்துச் சீருடை. பெஞ்சின்மேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர். கையில் கத்தரி.

“சார், நீங்க வீடியோ சார்தானே?”

முன்ஜாக்கிரதை நின்றார்.

“நான் ரொட்டி வண்டி ஓட்டறேன் சார். பையன் உங்க பொண்ணு படிக்கிற பள்ளிக்கூடம்தான். கூட்டத்துக்கு வர முடியல. வீடியோல பாத்தேன். இன்னிக்குக் காலையில இவனுக்கு ஆரம்பிச்சுது. நம்பர் கூப்பிடற வரைக்கும் சும்மா உட்காருவானேன்னு...” பாக்கெட்டை உயர்த்திக் காட்டினார். “பல்லால கிழிக்கல சார், நீங்க சொன்ன மாதிரி கத்தரியால வெட்டினேன்.”

பாக்கெட் டம்ளருக்குமேல் சாய்ந்தது. வெள்ளைப் பொடி கரகரவென்று விழுந்து அடியில் படிந்தது. ஓட்டுநர் கலக்க ஆரம்பித்தார்.

“இங்க குடுக்காதீங்க” என்றார் முன்ஜாக்கிரதை. “வெளியில கலக்கினதை வராந்தாவுல குடுக்கக் கூடாது. ஆஸ்பத்திரி விதி.”

அப்படி ஒரு விதி எந்த மருத்துவமனையிலும் இல்லை. அவசரத்துக்கு அவர் பிறப்பித்தது. விதி செய்வது அவருக்குக் கைவந்த கலை.

“அப்படிங்களா? சரி சார்” என்று ஓட்டுநர் பணிவாக டம்ளரை மூடினார். “வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்துடறேன். வீணாக்க வேண்டாம். தங்கச்சிப் பாப்பாவுக்கும் லேசா போகுது, பாதி அவளுக்கும் ஆகும்.”

முன்ஜாக்கிரதை பெஞ்சில் உட்கார்ந்தார்.

“யாருக்கும் குடுக்காதீங்க.”

“ஏன் சார்?”

“அது... தப்பு.”

“வீடியோல நீங்கதானே சார் சொன்னீங்க?”

“நான்தான் சொன்னேன். தப்பா சொன்னேன். ஒரு லிட்டர் தண்ணியில கலக்க வேண்டியது. டம்ளர்ல கலந்தா உப்பு ஏறிடும். குழந்தைக்கு ஆபத்து.”

ஆலையின் இரைச்சலுக்குமேல் கேட்கும்படி பேசுவது அவர் தொழில். அந்த ஐந்து வாக்கியமும் பக்கத்து ஆளுக்கு மட்டும் கேட்டால் போதும் என்றுதான் பேசினார். ஆனால் வரிசையே திரும்பிப் பார்த்தது. மருத்துவமனை வராந்தாவில் மெதுவாகப் பேசினால்தான் எல்லோரும் காது கொடுப்பார்கள்.

ஓட்டுநர் கத்தியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம்; பிடித்திருந்தால் இவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் எழுந்து போய்த் தொட்டியில் டம்ளரைக் கவிழ்த்தார். கழுவினார். திரும்பி வந்து பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“காலையில ஒரு டம்ளர் குடிச்சுட்டானே சார்.”

“உள்ள வாங்க. டாக்டர்கிட்ட சொல்லுவோம். நானும் சொல்ல வேண்டியிருக்கு.”

ஓட்டுநர் பையனைத் தோளில் போட்டுக்கொண்டார். பாதி தூரம் நடந்த பிறகு, கோபமே இல்லாமல், நிஜமாகவே புரியாதவர்போல் கேட்டார்:

“நீங்க சிரிச்சுக்கிட்டே குடிச்சீங்களே சார்?”

*

ஊசிக்கான தட்டு கட்டிலருகே வந்திருந்தது. வண்டுவை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். முதுகெலும்பு வரிசையாகத் தெரிந்தது.

“வாங்க, தோளையும் முழங்காலையும் சேர்த்துப் பிடிங்க” என்றார் டாக்டரம்மா.

“டாக்டர், ஊசிக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.”

“பிடிச்சுக்கிட்டே சொல்லுங்க.”

“ஒரு பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணியில கலக்கினோம். ஒவ்வொரு தடவையும்.”

டாக்டரம்மாவின் கை தட்டின்மேல் நின்றது. “என்ன சைஸ் பாக்கெட்?”

“ஒரு லிட்டருக்கானது.”

“காலையிலேருந்தா?”

“நாலஞ்சு பாக்கெட் ஆயிடுச்சு டாக்டர்” என்றாள் மனைவி. அவளுக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. “ஏன், அது...”

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். நர்ஸிடம், “தட்டை எடுத்துடுங்க. ரத்தத்துல உப்பு அளவு மட்டும் உடனே வேணும்னு ஃபோன் பண்ணுங்க” என்றார். பிறகு அவர் பக்கம் திரும்பினார். “நான் கேட்டப்போ பாக்கெட்ல போட்டிருக்கிற மாதிரின்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“இதை அப்பவே சொல்லியிருந்தா இந்தத் தட்டே வந்திருக்காது. இவளைக் குத்திக் கிளறியிருப்பேன், உங்க மரியாதைக்காக.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஓட்டுநரையும் பையனையும் பார்த்துவிட்டு, “இவங்க யாரு?” என்றார்.

“இவங்களும் நான் சொல்லித்தான் கலக்கினாங்க.”

டாக்டரம்மா பையனை அடுத்த கட்டிலில் படுக்க வைக்கச் சொன்னார். ஒரு டம்ளரோடு நின்றதால் அவனுக்குப் பயமில்லை என்று பிறகு தெரிந்தது. வண்டுவின் ரத்த முடிவும் தொலைபேசியில் வந்தது. உப்புதான். எக்கச்சக்கமான உப்பு.

“பிழைச்சுக்குவாளா டாக்டர்?” இதைக் கேட்டது மனைவி. அவருக்குக் கேட்கும் உரிமை இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை.

“காரணம் தெரிஞ்சுடுச்சு, அதுவே பாதி. ஆனா உப்பைச் சட்டுனு இறக்கக் கூடாது. அவசரப்பட்டா மூளை வீங்கிடும். கொஞ்சம் கொஞ்சமா, மெதுவாத்தான் இறக்கணும். அதுவரைக்கும் பக்கத்துலேயே இருந்து பாத்துக்கணும்.”

டாக்டரம்மா போனார். சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கியது. மனைவி அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“தண்ணி கேட்டா. ‘தண்ணி, தண்ணி’ன்னு கேட்டா. நான் அதையே திரும்பத் திரும்பக் குடுத்தேன்.”

“உன் தப்பு இல்லை.”

“அது எனக்குத் தெரியுது. டாக்டர் கேட்டப்போ உங்களுக்கும் தெரியும், இல்ல?”

“தெரியும்.”

“பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். நீங்க மூடினீங்க.”

அவர் தலைக்கவசத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், கட்டிலுக்கடியில், கயிற்றுக்கும் விசிலுக்கும் பக்கத்தில் தள்ளினார்.

*

மச்சான் வந்தபோது பார்வையாளர் நேரம். வண்டு கண்ணைத் திறந்து அம்மாவை அம்மாவாகவே பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

“வீடியோவை அழிச்சுட்டேன் அத்தான். ஆனா நான் அழிச்சா என்ன? அவங்கவங்க வாங்கி அவங்கவங்க சொந்தக்காரங்களுக்கு அனுப்பிட்டாங்க. நல்லா இருக்குன்னு பாராட்டு வேற.”

“இன்னொண்ணு எடு. இங்கயே.”

நர்ஸிடம் ஜாடியை இரவல் வாங்கினார்கள். கட்டில் பக்கத்து மேசையில் வைத்துப் பின்னால் அவர் நின்றார். மச்சான் கைப்பேசியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் சொன்னான்:

“ஜாடி முகத்தை மறைக்குது அத்தான்.”

“மறைக்கட்டும்.”

“வேண்டாம்” என்றாள் மனைவி, மகளின் தலையைக் கோதிக்கொண்டே. “ஜாடியைத் தள்ளி வைடா. சொல்றது யாருன்னு தெரியணும்.”

தள்ளி வைத்தான்.

“எப்படி ஆரம்பிக்கறது?” என்று அவர் மனைவியைக் கேட்டார். மேடை கண்ட நாளிலிருந்து அவர் யாரிடமும் கேட்காத கேள்வி. “தவறுக்கு வருந்துகிறோம்னு...”

“அதை நான் தினமும் சொல்றேன், யார் காதுலயும் விழறதில்லை. என்ன பண்ணீங்களோ அதைச் சொல்லுங்க.”

சொன்னார். அந்தப் பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். சின்னப் பாக்கெட்டும் விற்கிறது. எதுவாக இருந்தாலும் அதன்மேல் போட்டிருக்கும் அளவைப் படித்துத்தான் கலக்க வேண்டும். நான் சொன்னது தப்பு. என் மகளே அதைக் குடித்து இங்கே படுத்திருக்கிறாள். யாராவது குடித்துச் சோர்ந்திருந்தால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். எப்படிக் கலக்கினோம் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். கடைசி வாக்கியத்தில் குரல் இடறியது. மச்சான் அதை வெட்டவில்லை.

அனுப்பிய சற்று நேரத்தில் பதில்கள் வந்து விழுந்தன. சிலர் திட்டியிருந்தார்கள். சிலர் நன்றி சொல்லியிருந்தார்கள். அதைப் படிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒருவர், பழைய வீடியோவில் அவர் இன்னும் இளமையாகத் தெரிந்ததாகக் குறிப்பிட்டிருந்தார்.

கட்டிலிலிருந்து மெல்லியதாக ஒரு சத்தம். மெட்டும் இல்லை, சொல்லும் இல்லை. வண்டு முனகிக்கொண்டிருந்தாள். மனைவி துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவரும் அழுதிருப்பார். அதற்குள் அவருக்கு ஒரு சிரிப்புச் சத்தம் ஞாபகம் வந்தது. ஒரு கூட்டமே சிரித்த சிரிப்பு.

எந்த டம்ளர் சார்?

“மாப்ளே, கடைசி வரிசையில கைக்குழந்தையோட ஒரு அம்மா நின்னாங்களே. அவங்க இந்தக் குழுவுல இருக்காங்களா?”

மச்சான் தேடினான். இல்லை. அடுத்த கட்டிலிலிருந்து ரொட்டி வண்டி ஓட்டுநர் தலையைத் திருப்பினார். “கேள்வி கேட்டாங்களே, அவங்களா? பக்கத்துத் தெருதான். என் வீட்டுக்காரிகிட்ட நம்பர் இருக்கும்.”

நம்பர் வந்தது. மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது. விட்டுவிட்டு மறுபடி அழைத்தார். எடுத்தது ஒரு சிறுமி.

“அம்மா இருக்காங்களாம்மா?”

“சமையல்கட்டுல இருக்காங்க. பாப்பாவுக்கு வயிறு சரியில்லை. மருந்து கலக்கறாங்க.”

“எதுல கலக்கறாங்க?”

சிறுமி எட்டிப் பார்ப்பது தெரிந்தது. “டம்ளர்ல.”

“ஃபோனை அம்மாகிட்ட குடு, சீக்கிரம்.”

“தெரியாதவங்ககிட்ட பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. நீங்க யாரு?”

பாதுகாப்பு அதிகாரி என்று சொல்லலாம். சிறப்புப் பேச்சாளர் என்று சொல்லலாம். கேடயம் வாங்கியவர் என்றுகூடச் சொல்லலாம். மனைவி நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பள்ளிக்கூடத்துல தப்பா சொல்லிக் குடுத்துட்டு, அம்மாவைப் பாத்து எல்லாரையும் சிரிக்க வச்சாரே, அந்த மாமான்னு சொல்லும்மா.”

கைப்பேசியை எதன்மேலோ வைத்த சத்தம். ஓடுகிற சின்னக் கால்கள். அதற்கப்பால், டம்ளரில் ஸ்பூன் சுற்றுகிற கிணிகிணி.

அந்தக் கிணிகிணி நின்றது. சிறுமி போய்ச் சொன்னதால் நின்றதா, கலக்கி முடிந்ததால் நின்றதா என்று தெரியவில்லை. அவர் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.